இலேசான வண்டியும் இறம்பொடை இறக்கமும்

தலையிலே கயிறு மாட்டி, முதுகிலே கொழுந்துக் கூடையைத் தொங்கவிட்டு மலைச்சரிவில் ஏறி இறங்கும் தாய்மாருக்குப் பாரத்தைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் நோகும். ஏற்றத்தில் வலிமை குறைந்தால் நின்று இளைப்பாறலாம். இறக்கத்தில் மூட்டு தளர்ந்தால் நிற்பதற்கே இடமிராது. மோட்டார் வண்டிக்கும் இதுவே விதி.

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக வந்து, இறம்பொடையைத் தொட்டு, நுவரெலியாவை நோக்கி ஏறும் பெருந்தெருவை அறியாதவர் மலையகத்தில் இல்லை. இறம்பொடை அருவியருகே அப்பாதை கடல் மட்டத்திலிருந்து 1000 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா நகரமோ 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இடையிலே வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பாதி நாட்களில் பனிமூட்டம். 225 மீற்றர் நீளமான சுரங்கப்பாதை அமைந்து ஒரு பகுதியை எளிதாக்கிய பின்னரும், அப்பாதை கவனக் குறைவை மன்னிப்பதில்லை. 2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி அதிகாலையில், இதே பெருந்தெருவில், கொத்மலை கரண்டியெல்லப் பகுதியில் பயணிகள் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்த துயரத்தை நாம் மறப்பதற்கில்லை.

இத்தகைய பாதையின் ஓரத்தில் வாழும் இளைஞருக்கு மோட்டார்ப் பொறிகளில் ஆசை பிறப்பது இயல்பே. அவ்வாசையின் உச்சியில் நிற்பது, பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் சிறிய ஓட்டக் கார். அதனை வீட்டிலே பேணவும் பழுது பார்க்கவும் முடியுமா? முடியும் என்றே விடை சொல்லலாம். ஆனால் எதனை நம் கையால் செய்யலாம், எதனைச் செய்தலாகாது என்று பிரித்தறியும் தெளிவு முதலில் வேண்டும். அத்தெளிவைத் தேடுவதே இவ்வாரத்து நோக்கம். ஓட்டக் கார் இல்லாத வீட்டாரும் தொடர்ந்து வாசிக்கலாம். முற்றத்தில் பழைய மொறிஸ் மைனர் ஒன்று நின்றாலும், இங்கு சொல்லப்படுபவற்றுட் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

பிறந்த கதை

இவ்வகைக் கார்களுக்கெல்லாம் மூதாதை லோட்டஸ் செவன் என்னும் ஆங்கில வண்டி. அதனை அமைத்தவர் கொலின் சாப்மன். 1928இல் பிறந்த அவர், இலண்டனில் பொறியியல் கற்ற காலத்திலேயே பழைய ஓஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்துத் தமது முதற் காரைக் கட்டினார். 1957இல் லோட்டஸ் செவன் வெளிவந்தது. மெல்லிய உருக்குக் குழாய்களைக் கூண்டு போல ஒட்டி அமைத்த சட்டம். அதன் மேல் தறையாணிகளால் இறுக்கிய அலுமினியத் தகடுகள். இருவர் அமர இடம். கதவும் இல்லை, உறுதியான கூரையும் இல்லை. மொத்த நிறை ஏறக்குறைய 500 கிலோ. நான்கு பேர் அமரும் மொறிஸ் மைனரே 750 கிலோவுக்கு மேற்பட்டது என்பதை எண்ணினால், இதன் இலேசுத்தன்மை விளங்கும்.

அக்காலத்தில் பிரித்தானியாவில் முழுமையாகப் பூட்டி விற்ற காருக்குக் கொள்வனவு வரி உண்டு. பாகங்களாக விற்றால் அவ்வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையை விளக்கும் கைந்நூலைப் பாகங்களுடன் கொடுத்தல் கூடாது என்றொரு தடை இருந்ததாம். சாப்மன் சளைக்கவில்லை. காரைக் கழற்றும் முறையை விளக்கும் நூலைக் கொடுத்து, அதனைக் கடைசியிலிருந்து தொடக்கத்துக்குப் பின்பற்றும்படி விட்டுவிட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. 1973இல் பிரித்தானிய வரிமுறை மாறியபோது வீட்டிற் பூட்டும் காருக்கு இருந்த அச்சலுகை நீங்கியது. அதே ஆண்டில் செவனை உற்பத்தி செய்யும் உரிமை கேட்டரம் என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதன் வழித்தோன்றல்கள் இன்றும் வெளிவருகின்றன.

கதை வேடிக்கையாயினும் அதனுள்ளே நமக்கொரு பாடம் இருக்கிறது. ஒழுங்காகக் கழற்றத் தெரிந்தவனுக்கே ஒழுங்காகப் பூட்டத் தெரியும். கழற்றும் ஒவ்வொரு படியையும் குறித்து வைத்தால், பூட்டும் நூல் தானே உருவாகிவிடும். இன்று கைத்தொலைபேசியால் படியொன்றுக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. கழற்றிய நட்டுகளை அந்தந்த இடத்தின் பெயரெழுதிய தகரப் பேணிகளில் இட்டு வைத்தல் செலவில்லாத நற்பழக்கம்.

நம் பக்கத்து உறவு

இது எங்கோ சீமையில் நடந்த கதை. நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு நெருங்கியதே. செவனின் ஆரம்ப வகைகளிலேயே மொறிஸ் மைனரின் சுக்கான் பற்சட்டம் பொருத்தப்பட்டது. 1959இல் வந்த ஒரு வகையில் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சின் இருந்தது. மொறிஸ் மைனர் 1000 காரின் எஞ்சினும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே, இலங்கையின் கராஜ்களில் மைனரை அவிழ்த்துப் பூட்டிப் பழகிய கைகளுக்கு அந்த ஓட்டக் காரின் உள்ளுறுப்புகள் அந்நியமல்ல. 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மைனர் கார்களைப் புதுப்பிப்போருக்காக அதன் உடற்தகடுகளை நம் நாட்டிலேயே செய்து அனுப்பினார்கள் என்பதும் நினைக்கத் தக்கது.

தமிழகத்தில் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், 1980களின் இறுதியில், எளிய மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயக் கார்களைக் கட்டிப் பல இளைஞருக்கு வழிகாட்டினார். 796 கன சென்ரிமீற்றர் மட்டுமே உள்ள அச்சிறு எஞ்சின், வண்டியின் பாரத்தைக் குறைத்ததனாலேயே பந்தய எஞ்சினாயிற்று. 1995இல் அவர் விமான விபத்தில் மறைந்தார். கோவை அருகேயுள்ள ஓட்டக்களம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. மகாராஷ்டிர மாநிலத்து அலிபாக்கில் சின்காரா என்னும் நிறுவனம், அம்பாசடர் காரிற் பயன்பட்ட 1.8 லீற்றர் இசுசு எஞ்சினைக் கொண்டு, செவனின் சாயலில் கண்ணாடிநார் உடலுள்ள சிறு காரொன்றை உருவாக்கியது.

நமது மலைநாட்டிலோ 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நுவரெலியாவின் வசந்த காலத்தோடு சேர்ந்தே பேசப்படுவது. அத்தகைய போட்டிகளில் வண்டியை ஓட்டியவர்களின் பெயர்கள் ஏடுகளில் வரும். அதன் நட்டுகளை இறுக்கியவர்களின் பெயர்கள் வருவதில்லை. ஆயினும் தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டும் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே எந்தத் தாங்கி தேய்ந்தது என்று சொல்லிவிடும் பிட்டர்மாரின் செவியும் கையும் நமது தோட்டங்களின் செல்வங்கள். மாணவர்கள் அவர்களிடம் கற்க வேண்டியது நிரம்ப உண்டு. 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை தனியார் கார் இறக்குமதி தடைப்பட்டிருந்த ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில், உள்ள வண்டியைப் பேணும் அறிவு எத்துணைப் பெறுமதியானது என்பதை எல்லோரும் உணர்ந்தோம் அல்லவா?

இலேசு என்பதன் விலை

பாரம் குறைந்தால் ஏற்றம் எளிதாகிறது, பெற்றோல் மிச்சமாகிறது, டயர் குறைவாகத் தேய்கிறது. இவை நன்மைகள். ஆனால் பாரத்தைக் குறைத்தவன் எதனைக் குறைத்தான்? வேலையில்லாமல் இருந்த உலோகத்தைத்தான். ஆகவே எஞ்சியிருக்கும் ஒவ்வோர் உறுப்பும் வேலை செய்யும் உறுப்பு. பெரிய காரில் ஒரு போல்ட் தளர்ந்தால் அடுத்த மூன்று போல்ட்கள் சில நாட்கள் தாங்கும். சிறு காரில் அந்த அடுத்த மூன்று இல்லை. இதுவே இவ்வண்டியைப் பேணுவதன் முதலும் முடிவுமான இரகசியம்.

சாப்மனுடைய லோட்டஸ் நிறுவனமே இதற்குப் பெருவிலை கொடுத்தது. 1970 செப்டெம்பர் 5ஆம் திகதி, இத்தாலியின் மொன்சா ஓட்டக்களத்தில் நடந்த பயிற்சியில் லோட்டஸ் 72 காரை ஓட்டிய யொக்கன் ரிண்ட் உயிரிழந்தார். முன் பிறேக்கின் தண்டு ஒன்று முறிந்தமையே விபத்தின் தொடக்கம் என்று விசாரணையில் முடிவாயிற்று. அவ்வாண்டின் உலக வாகையர் பட்டம் அவர் இறந்த பின்னரே அவருக்கு உரியதாயிற்று. உலகின் தலைசிறந்த பொறியியலாளர் கட்டிய காருக்கே இக்கதியென்றால், வீட்டு முற்றத்திற் பூட்டிய காரில் எத்துணை விழிப்பு வேண்டும்!

இறக்கத்தின் கணக்கு

மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளட்டும். நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்கு இறங்கும் உயரத்தை 900 மீற்றர் என்று கொள்வோம். இருவர் ஏறிய ஓட்டக் காரின் நிறை 650 கிலோ. நிறையை 9.8ஆலும் உயரத்தாலும் பெருக்கினால் ஏறக்குறைய 57 இலட்சம் யூல் சக்தி வருகிறது. இச்சக்தி முழுவதும் பிறேக்குகளில் வெப்பமாக மாறுமாயின், அது 20 பாகையில் உள்ள 17 லீற்றர் தண்ணீரை 100 பாகைக்குச் சூடாக்கப் போதுமானது. 1500 கிலோ நிறையுள்ள சாதாரண காருக்கு இதே கணக்கைப் போட்டால் 39 லீற்றருக்கு மேல் வரும். சமையலறையின் பெரிய அண்டாவையே கொதிக்க வைக்கும் வெப்பம் நான்கு சில்லுகளுக்குள் அடங்கியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இதனாலேயே, ஏறும்போது எந்தக் கியரிலே ஏறினோமோ இறங்கும்போதும் அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய சாரதிகள் சொல்லி வைத்தார்கள். எஞ்சின் இழுத்துப் பிடித்தால் பிறேக்கின் சுமை குறையும். இலேசான வண்டிக்குப் பிறேக்கு வெப்பம் குறைவு என்பது உண்மையே. ஆயினும் அதன் பிறேக்குகளும் சிறியவை. ஆதலின் அசட்டைக்கு இடமில்லை.

பிறேக்கு: முதற் கவனம்

பிறேக்குத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 எனப்படும் தரத்துத் திரவம் புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை சென்ரிகிறேட் வரை கொதியாது. சிறிதளவு நீர் கலந்த நிலையில் அவ்வெல்லை 155 பாகைக்கு இறங்கிவிடலாம். திரவம் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும், ஆவி நசுங்கும், மிதியை எவ்வளவு அழுத்தினாலும் சில்லு நிற்காது. நமது மலைநாட்டின் மழையையும் மூட்டத்தையும் நினைந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது திரவத்தை முழுவதும் மாற்றுக. திறந்து நெடுநாள் வைத்த பேணியிலிருந்து ஊற்றாதீர். அத்திரவம் வண்ணப் பூச்சை அரித்துவிடும்; சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுக.

மிதியே பிறேக்கின் நாடி. அதனைப் பார்க்கத் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. மிதி வழமையைவிட ஆழமாகச் சென்றால், தேய்ந்த பட்டைகளைச் சரிசெய்ய வேண்டும். பஞ்சு போல மெத்தென்றிருந்தால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கையில் மெல்ல மெல்லத் தாழ்ந்தால், எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது தலைமை உருளையின் றப்பர் தேய்ந்துவிட்டது. பிறேக்குப் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஒரு சில்லின் பட்டையில் எண்ணெயோ திரவமோ பட்டிருக்கலாம். இந்நான்கில் எது தோன்றினாலும், அன்று வண்டி முற்றத்தை விட்டு வெளியே செல்லலாகாது.

செவனிலும் மைனரிலும் அக்காலத்துப் பல கார்களிலும் நான்கு சில்லுகளுக்கும் ஒரே திரவ வழிதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கும் ஒருங்கே போய்விடும். கைப்பிறேக்கு மட்டுமே மிஞ்சும். ஆதலால் உலோகக் குழாய்களில் துருவையும் றப்பர்க் குழாய்களில் வெடிப்பையும் மாதந்தோறும் வெளிச்சம் பிடித்துப் பார்க்க வேண்டும். மைனரின் தலைமை உருளை சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே மறைந்திருப்பது. கண்ணிற் படாததனாலேயே பலர் அதன் திரவ மட்டத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

காற்றை வெளியேற்றுதல் இருவர் சேர்ந்து செய்யும் பணி. தலைமை உருளைக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லிலிருந்து தொடங்குதல் பொது வழக்கம். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சில்லருகே உள்ள சிறு திருகைத் திறந்து, குழாய் வழியே திரவத்தைப் போத்தலில் விடுவார். திருகை மூடிய பின்னரே மிதியை விட வேண்டும். குமிழ் வருவது நிற்கும் வரை இவ்வாறு செய்து, அடுத்த சில்லுக்குப் போக வேண்டும். இடையே மேற்பாத்திரம் வற்றிவிட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தந்தையும் பிள்ளையும் கூடிச் செய்வதற்கு இதைவிட நல்ல வேலை அரிது. மிதிப்பவருக்கும் திறப்பவருக்கும் இடையே சொல் தெளிவாயிருத்தல் வேண்டும் என்பதை அது கற்பிக்கும்.

நட்டும் சட்டமும்

இலேசான வண்டி அதிகம் அதிர்வது. அதிர்ந்த நட்டு தளரும். ஆகவே புதிதாகப் பூட்டிய கார் முதற் சில நூறு கிலோமீற்றர் ஓடியதும், ஒவ்வொரு முக்கிய நட்டையும் மீண்டும் சோதிக்க வேண்டும். முறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பானர் ஒன்றை வாங்குக. அது இயலாதெனில் பல வீட்டார் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்க. வேண்டிய அளவுக்கு மேல் இறுக்குதலும் தீது. போல்ட் இழுபட்டு மெலிந்து ஒரு நாள் அறுந்துவிடும். சரியாக இறுக்கிய நட்டின் மேலும் அதனருகிலும் ஒரே கோடாக வெள்ளை வண்ணம் இட்டு வைத்தால், கோடு விலகியதைக் கண்டு நட்டு நகர்ந்ததை அறியலாம். நைலோன் வளையமுள்ள நட்டையும் பிளவாணியையும் ஒருமுறை கழற்றினால் புதியதே போட வேண்டும். சில ரூபாய் மிச்சத்துக்காக ஒரு சில்லைப் பணயம் வைப்பது சிக்கனமாகாது.

உருக்குக் குழாயும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால், இரு வேறு உலோகங்களும் ஒரு சிறு மின்கலமாகிவிடும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி தோன்றினால் அது அதன் அடையாளம். தறையாணியைச் சுற்றிக் கருமையான வளையம் தெரிந்தால் அது தளர்ந்து உராய்கிறது என்பது பொருள். சில்லுகளைத் தாங்கும் கைகள் சட்டத்தோடு சேரும் ஒட்டுகளே மிக முக்கியமானவை. அவ்விடத்து வண்ணத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தால், அது வண்ணத்தின் வெடிப்பு என்று எண்ணிவிடாமல், சுரண்டிப் பார்க்க வேண்டும். மழையில் ஓடிவந்த வண்டியைத் துணி போட்டு மூடிவிடாமல், முதலில் காற்றோட்டத்தில் உலர விடுக.

முன் சில்லின் திருப்பத்துக்கு ஆதாரமான ட்ரனியன் என்னும் திருகு மூட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மைனரில் இம்மூட்டுக்கு அடிக்கடி கிறீஸ் ஏற்ற வேண்டும். மறந்தால் மரை தேய்ந்து, ஒரு நாள் சில்லு மடிந்து வண்டி குப்புற விழும். 1960இல் வந்த இரண்டாம் வரிசைச் செவனின் முன் மூட்டுகளோ ட்றையம்ப் ஹெரல்ட் காரைச் சேர்ந்தவை. அவற்றின் ட்ரனியனுக்குக் கிறீஸ் ஆகாது; தடித்த கியர் ஒயிலே வேண்டும். பெயர் ஒன்றே, உணவு வேறு. ஒரு வண்டியில் கற்றதை மற்றொரு வண்டியில் அப்படியே செய்துவிடலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மலையிலே எஞ்சின்

நுவரெலியாவில் காற்றின் அமுக்கம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே எஞ்சினின் வலுவும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். பழைய காபுறேற்றர் உள்ள வண்டியில் காற்றுக்கு ஏற்ற அளவைவிடப் பெற்றோல் மிகுந்து, பிளக் கறுத்துப் புகைபடியும். கொழும்பிலே சரிசெய்த வண்டி மலையிலே தடுமாறுவது இதனாலேதான். எஞ்சின் கெட்டுவிட்டதென்று அவிழ்க்க முற்படாதீர். மேலும் அவ்வுயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கதிர்க்கலத்தின் மூடி அமுக்கத்தைப் பிடித்து வைப்பதனாலேயே எஞ்சினிலுள்ள நீர் கொதியாமல் இருக்கிறது. அம்மூடியின் றப்பர் வளையம் சிறு பொருள், ஆனால் பெருங்காவல். சூடாயிருக்கையில் அம்மூடியைத் திறத்தல் கூடவே கூடாது.

மைனரிலும் செவனிலும் உள்ள அந்தச் சிறு எஞ்சினுக்கு, ஆறியிருக்கும்போது வால்வு இடைவெளி 0.012 அங்குலமும், பிளக் இடைவெளி 0.025 அங்குலமும், பொறியூட்டும் தொடுமுனை இடைவெளி 0.015 அங்குலமும் இருத்தல் வேண்டும். மெல்லிய அளவுத்தகடு ஒன்றிருந்தால் ஒரு மாணவனே இம்மூன்றையும் ஒரு முற்பகலிற் பார்த்துவிடலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். குறைவாக ஓடும் காரில் டயர் தேய்வதற்கு முன்பே இறுகி மூப்படையும். பள்ளம் ஆழமாயிருப்பதைக் கண்டு ஏமாறாதீர். இலேசான வண்டிக்குக் காற்றும் குறைவாகவே வேண்டும். பெரிய காரின் அளவை ஏற்றினால் ஈரப் பாதையிற் பிடிமானம் குன்றும்.

செய்யலாகாதவை

ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியிற் புகாதீர். சமதளத்தில் நிறுத்தி, சில்லுகளுக்கு அடைகல் வைத்து, உறுதியான இரும்புத் தாங்கிகளின் மேல் இறக்கிய பின்னரே கீழே செல்க. லயத்து முற்றங்களும் தோட்டத்து வீட்டு வாசல்களும் பெரும்பாலும் சரிவானவை என்பதை நினைவிற் கொள்க. மூடிய கராஜினுள் எஞ்சினை ஓடவிடாதீர். அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பழைய பிறேக்குப் பட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். தூசியை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடைத்து எடுக்க. பெற்றோற் பேணி அடுப்பங்கரையை அணுகலாகாது.

சில வேலைகளை வீட்டிலே செய்யவே கூடாது. சட்டத்தின் வெடிப்பை ஒட்டுதல், தேர்ந்த ஒட்டுவேலைக்காரரின் பணி. அவரிடம் கொண்டு செல்லுமுன் பற்றறியின் தொடர்பைக் கழற்றி விடுக. வளைந்த சுக்கான் கையைச் சூடாக்கி நிமிர்த்துதல் எவரும் செய்யத் தகாதது. புதியது வாங்குவதே வழி. உட்சுவர் கீறிய பிறேக்கு உருளையைத் தேய்த்துப் பயன்படுத்த முயலாதீர். சுருங்கக் கூறின், ஓடவைக்கும் உறுப்புகளில் நீங்கள் கற்றுப் பழகலாம். பிழைத்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவே. நிறுத்தும் உறுப்பிலும் திருப்பும் உறுப்பிலும் பிழைத்தால், வண்டி நிற்காது. ஆதலின் அவ்விரண்டிலும் நீங்கள் செய்த வேலையை, தெருவில் இறங்குமுன், அனுபவமுள்ள மற்றொருவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

வீட்டிற் பூட்டிய அல்லது உருமாற்றிய காரை, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியும் பதிவும் இன்றிப் பொதுத் தெருவில் ஓட்டுதல் முறையன்று. வேகத்தைச் சோதிக்க விரும்புவோர்க்கு, ஒழுங்காக நடத்தப்படும் மலையேற்றப் போட்டிகள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் நடந்து செல்லும் இறம்பொடை வளைவுகள் அதற்குரிய களமல்ல.

இறுதியாக, ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, வண்டிக்கென ஒரு பதிவேடு தொடங்குக. என்று திரவம் மாற்றினோம், எந்த நட்டு எத்தனை முறை நகர்ந்தது, மிதி எவ்வளவு ஆழம் சென்றது என்று திகதியிட்டு எழுதுக. ஒரே நட்டு மூன்று முறை தளர்ந்ததென்று ஏடு காட்டினால், குற்றம் நட்டில் இல்லை. அது பிடித்திருக்கும் உறுப்பில் இருக்கிறது என்று அறிவீர்கள். நினைவு மறக்கும், ஏடு மறக்காது. அந்த ஏட்டில் அன்றைய சோதனைக்கு நேரே கையொப்பமிட உங்கள் மனம் தயங்குமாயின், அன்று காரின் சாவி ஆணியிலேயே தொங்கட்டும்.